பயமா இருக்கா என்று ஒருமுறை கேளுங்கள்

தமிழ்நாட்டின் மகப்பேறு மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், மக்கள் நல்வாழ்வுத் துறையில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம். நான் காவிரிப் பாசனப் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். கல்யாணமாகி 14 வருடம் கழித்து, 42 வயதில் என் முதல் குழந்தையைப் பெற்றேன். மகளுக்கு இப்போது இரண்டரை வயது. அவள் தூங்கும் நேரங்களில் துண்டு துண்டாக எழுதிய மடல் இது. முன்னும் பின்னுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். என் உடம்பை நீங்கள் நன்றாகவே பார்த்துக்கொண்டீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின், ராத்திரியில் ஓர் ஆஸ்பிரின் மாத்திரை, மாதம் தவறாத ஸ்கேன் என்று எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பத்து மாதத்தில் என் மனசு எப்படி இருக்கிறது என்று மருத்துவமனையில் உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

மூன்று முறை செயற்கைக் கருத்தரிப்பு செய்துகொண்டோம். அதற்கு முன்னால் இரண்டு முறை தானாகக் கரு தங்கிக் கலைந்தது. மூன்றாவது முயற்சியில் இதயத் துடிப்பு தெரிந்த அன்று கருத்தரிப்பு மையத்தில் எல்லோரும் கைகுலுக்கினார்கள். "இனிமே உங்க ஊர் டாக்டர்கிட்டயே பார்த்துக்கலாம்" என்று கோப்பைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். 2021-இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், இந்த மையங்கள் தம்பதிகளுக்கு மன ஆலோசனை தர வேண்டும் என்கிறது. எங்களுக்கும் ஆலோசகர் என்று ஒருவர் இருந்தார். அவர் பேசியதெல்லாம் எந்தப் பேக்கேஜ், எத்தனை தவணை என்பதைப் பற்றித்தான். கையிருப்பு கரைந்து நகையும் அடகுக்குப் போயிருந்ததால் மேற்கொண்டு அரசு மருத்துவமனையில் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

அங்கே முதல் நாள் என் கோப்பின் மேல் சிவப்பு மையில் இரண்டு வரி எழுதினார்கள். ஒன்று 'எல்டர்லி பிரைமி'. அதன் கீழே 'பிரிஷியஸ் பேபி'.

முதல் வரிக்கு அர்த்தம் கேட்டேன். 35 வயதுக்கு மேல் முதல் பிரசவம் என்றால் அப்படி எழுதுவது வழக்கம் என்றார் செவிலியர். பன்னாட்டு மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 1958-இல் வகுத்த வரையறை அது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 'வயதான' என்ற சொல் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. என்னை உலுக்கியது இரண்டாவது வரி. அருமையான குழந்தை, கிடைக்காமல் கிடைத்த குழந்தை, கவனமாக இருங்கள் என்று உங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் குறிப்பு அது என்று எனக்குப் புரிகிறது. நல்லெண்ணத்தில்தான் எழுதுகிறீர்கள். ஆனால் நான் அந்தக் கோப்பைப் பத்து மாதம் மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தவள். ஒவ்வொரு முறை அந்த வரியைப் படிக்கும்போதும், கண்ணாடிச் சாமானை உள்ளே வைத்த அட்டைப்பெட்டிதான் நான் என்று தோன்றும். பெட்டி நசுங்கியிருக்கிறதா என்று எல்லோரும் பார்த்தார்கள், ஏனென்றால் உள்ளே இருப்பது உடையக்கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த 22 வயதுப் பெண்ணின் கோப்பில் அந்த வரி இல்லை. அவள் குழந்தை மட்டும் அருமை இல்லையா என்றும் நினைத்துக்கொள்வேன்.

அந்த வரிசையில் வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் "யாருக்கும்மா வந்திருக்கீங்க, பொண்ணுக்கா மருமகளுக்கா?" என்று கேட்பார்கள். எனக்குத்தான் என்று சொன்னதும் அவர்கள் முகம் மாறும். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி கண்ணைத் திறந்துட்டார், சந்தோஷமா இரும்மா" என்பார்கள். கெட்ட எண்ணத்தோடு யாரும் சொல்லவில்லை. ஆனால் 'சந்தோஷமா இரு' என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மூச்சு முட்டியது.

திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகைக்கு நெய் வைத்து வாங்கிவந்து எத்தனை முறை நாங்கள் சாப்பிட்டோம் என்பதற்குக் கணக்கில்லை. மாமியார் எனக்காக வெள்ளிக்கிழமை விரதம் இருந்து அல்சர் வாங்கிக்கொண்டார். இவ்வளவு பேர் வேண்டிக் கிடைத்ததை வயிற்றில் வைத்துக்கொண்டு, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன் என்று யாரிடம் சொல்வது? கேட்டு வாங்கிய வரத்துக்கு அழக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வயது கடந்து தாயாகும் பெண்களின் மனசில் இந்த வாய்ப்பூட்டுதான் பெரிய சுமை என்று நினைக்கிறேன். வாந்தி, களைப்பு, பயம் என்று ஓர் இளம்பெண் சொன்னால் "முதல் குழந்தை, அப்படித்தான் இருக்கும்" என்று தட்டிக்கொடுப்பார்கள். நாங்கள் சொன்னால் "இத்தனை வருஷம் தவம் கிடந்தியே!" என்பார்கள். அப்புறம் நாங்கள் சொல்வதை நிறுத்திவிடுகிறோம்.

12-ஆம் வாரத்தில், குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குரோமோசோம் குறைபாடு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று அறிய, குழந்தையின் பின்கழுத்துத் தோலுக்கடியில் உள்ள நீரின் தடிமன் பார்க்கும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். முடிவு 160-இல் 1 என்று வந்தது. காகிதத்தில் அதன் பக்கத்தில் 'ஹை ரிஸ்க்' என்று தடித்த எழுத்து. "உங்க வயசுக்கு இப்படி வரத்தான் செய்யும், பனிக்குட நீர் எடுத்துப் பார்த்துடலாம்" என்றார் மருத்துவர். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள், அவருக்கும் நேரமில்லை.

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பாடம் புள்ளியியலும் நிகழ்தகவும். வருடாவருடம் நடத்துகிறேன். 160-இல் 1 என்றால், என்னைப் போல முடிவு வந்த 160 பெண்களில் 159 பேரின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்காது. கரும்பலகையில் இதை எந்தத் தூக்கத்திலும் எழுதிக்காட்டுவேன். அன்றைக்கு அந்தத் தடித்த எழுத்தைத் தாண்டி என் மூளை போகவே இல்லை. 25 வயதில் சுமார் 1,250-இல் ஒருவருக்கு, 40 வயதில் சுமார் 100-இல் ஒருவருக்கு என்பதுதான் பொதுவான கணக்கு. கூடுகிறது என்பது உண்மை. ஆனால் 100-இல் 99 பேருக்கு இல்லை என்பதும் அதே கணக்குக்குள்தான் இருக்கிறது. கணக்கு டீச்சர் எனக்கே அந்தப் பாதியை ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியென்றால் பள்ளிக்கூடமே போகாத பெண்ணுக்கு எப்படி இருக்கும்?

16-ஆம் வாரத்தில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். முடிவு வர 18 நாள் ஆனது. அந்த 18 நாளை நான் யாரிடமும் பேசியதில்லை, என் கணவரிடம்கூட. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். அந்த நாட்களில் நான் வயிற்றில் கை வைக்கவில்லை. குளிக்கும்போதுகூட அந்த இடத்தை அவசரமாகக் கடந்துவிடுவேன். 17-ஆவது நாள் மாலை, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் மீன்குஞ்சு வாலை அடித்தது போல ஒரு துடிப்பு. குழந்தையின் முதல் அசைவு அது. 14 வருடம் எதற்காகக் காத்திருந்தேனோ அது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வாயு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, எழுந்துபோய்ச் சீரகத் தண்ணீர் குடித்தேன். போய்விடலாம் என்று தெரிந்த ஒன்றை வரவேற்க என்னால் முடியவில்லை.

மறுநாள் முடிவு வந்தது. குறையில்லை. கணவர் அல்வா வாங்கிவந்தார். எனக்கோ முடிவு வந்ததும் மனசு திறந்துகொள்ளவில்லை. அது தாழ்ப்பாள் போட்டுப் பழகிவிட்டது. குழந்தை பிறக்கும் முன் எதுவும் வாங்கக்கூடாது என்பது நம் வீடுகளில் வழக்கம்தானே. நான் ஒரு சட்டைகூட வாங்காததை எல்லோரும் சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டார்கள். பயத்துக்குச் சம்பிரதாயம் நல்ல மறைப்பு. நீங்கள் கேட்டால் ஒழிய வெளியே தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது முறை. வளைகாப்பு முடிந்ததும் அம்மா வந்து அழைத்துப்போவாள். பத்தியச் சோறு, பிள்ளைபெற்றவளுக்கான மருந்து, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டல் எல்லாம் அம்மா கையால். என் அம்மா நான் 38 வயதில் இருந்தபோது போய்விட்டார். அப்பாவுக்குப் பக்கவாதம், எங்களோடுதான் இருந்தார். ஏழாம் மாதம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவருக்குப் படுக்கையில் உணவு ஊட்டினேன். 40 தாண்டி முதல் குழந்தை பெறும் பெண்ணுக்குத் தாய்வீடு பெரும்பாலும் இருப்பதில்லை. அம்மா இல்லை, அல்லது 70 வயதில் முழங்கால் வலியோடு இருக்கிறார். கைக்குழந்தையும் கைத்தாங்கலில் பெற்றோரும் ஒரே நேரத்தில் வந்து சேர்கிறார்கள். என் வளைகாப்பில் எனக்கு வளையல் போட்டவர்கள் என்னைவிட இளைய சித்தி மகள்கள். அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அன்று நான் அழுததை எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் என்றார்கள். நான் அம்மாவை நினைத்து அழுதேன்.

இரவில் கணக்கும் போடுவேன், தொழில் பழக்கம். எனக்கு ஓய்வு வயது 60. அவளுக்கு அப்போது 18. அவள் பிளஸ் டூ முடிப்பதும் நான் பள்ளியைவிட்டு வருவதும் ஒட்டி வரும். அவளுக்கு 30 வரும்போது எனக்கு 72. அவள் தலைப்பிரசவத்துக்கு நான் இருப்பேனா? இந்தக் கேள்விக்கு மருத்துவரிடம் பதில் கிடையாது, எனக்குத் தெரியும். ஆனால் இப்படி ஒரு கேள்வி மனசில் ஓடுகிறது என்பதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டாலே பாதிச் சுமை இறங்கியிருக்கும்.

அதை ஒருத்தி கேட்டாள். மருத்துவரோ செவிலியரோ இல்லை. 26-ஆம் வாரம் சர்க்கரைப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், "டீச்சர், நீங்களா?" என்றாள். ஏழெட்டு வருடம் முன்னால் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள், கடைசி பெஞ்சு. இப்போது இரண்டாவது குழந்தைக்கு வந்திருக்கிறாள். எனக்குக் கூச்சத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவள் சந்தோஷமா இருங்க என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "பயமா இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள்.

அந்த பெஞ்சிலேயே அழுதேன். அவள் தன் துப்பட்டாவைக் கொடுத்தாள். "எனக்கும் மொதக் குழந்தைக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. யார்ட்டயும் சொல்லல" என்றாள். இரண்டு மணி நேரமும் பேசினோம். அன்று வீட்டுக்கு வந்து, இருட்டில் படுத்துக்கொண்டு, முதல்முறையாக வயிற்றில் கை வைத்து என் மகளோடு பேசினேன். அப்போது ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

இதை உங்களுக்கு எழுதக் காரணம் அந்த இரண்டு மணி நேரம்தான். அந்தப் பரிசோதனை எளிமையானது. எப்போது சாப்பிட்டீர்கள் என்று பார்க்காமல் 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை ரத்தம், 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. அந்த முறைக்காக வாழ்நாள் முழுக்க உழைத்தவர் சென்னையின் டாக்டர் வி. சேஷையா. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைப் பொதுவாக்கியதில் நாட்டுக்கு முன்னோடி நம் தமிழ்நாடு. பட்டினியோடு வெகுதூரம் வர முடியாத கிராமத்துப் பெண்ணையும் மனதில் வைத்து ஒரு சோதனையை அமைக்க நம்மவர்களுக்குத் தெரிந்தது. அதே பெஞ்சில், அதே இரண்டு மணி நேரத்தில், பத்துக் கேள்வி கேட்க ஐந்து நிமிடம் போதாதா?

அந்தப் பத்துக் கேள்வியைப் புதிதாகத் தயாரிக்கவும் வேண்டாம். எடின்பரோ அளவுகோல் என்று 1987-லிருந்து உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்காக வந்தது, கர்ப்ப காலத்திலும் பயன்படுத்துகிறார்கள். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயந்தீர்களா, தூங்க முடியாத அளவு வருத்தமா, உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்ற மாதிரிக் கேள்விகள். அதன் தமிழ் வடிவம் 2005-லேயே சரிபார்த்து வெளியானது. பக்கத்துக் கேரளத்தில் 'அம்ம மனசு' என்ற பெயரில் தாய்மார்களின் மனநலத்துக்கென்றே திட்டம் நடக்கிறது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒன்றாக அனுமதித்துச் சிகிச்சை தரும் பிரிவு 2009 முதல் இருக்கிறது. நம்மிடமும் 14416 என்ற மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. அந்த எண் என் தாய்–சேய் நல அட்டையில் என் கண்ணில் படும்படி எங்கும் இல்லை. இரும்புச்சத்து மாத்திரைக்குக் கட்டம் இருந்தது, மனசுக்கு இல்லை. தயவுசெய்து முதல் பக்கத்தில் பெரிதாக அச்சிடுங்கள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது வேண்டும். ஆனால் கோப்பில் சிவப்பு மையால் எழுதுகிறீர்களே, குறைந்தது அந்தப் பெண்களிடமாவது உடனே தொடங்குங்கள். ஏற்கெனவே அவர்களைத் தனியாக அடையாளம் கண்டுவிட்டீர்கள்.

எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அக்காவின் கதை வேறு விதம். அவருக்கு 44 வயது. மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். தள்ளிப்போனதைப் பார்த்து, நிற்கிற வயசு வந்துவிட்டது என்று விட்டுவிட்டார். தெரியவந்தபோது நான்கு மாதம் தாண்டியிருந்தது. பதிவு செய்யப் போன இடத்தில் ஒரு பெண் ஊழியர் எல்லோர் முன்னாலும், "கல்யாண வயசுல பொண்ண வச்சுக்கிட்டு இது தேவையா?" என்று கேட்டுவிட்டார். அக்கா அதற்குப்பிறகு எட்டாம் மாதம்வரை எந்தப் பரிசோதனைக்கும் போகவில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கே வந்து, வாசலில் உட்கார்ந்து, அரைமணி நேரம் கெஞ்சித்தான் அழைத்துப்போனார். அப்போது ரத்த அழுத்தம் 160/100. ஒரு வாக்கியம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நான் வேறு என்ன சொல்ல? தாயும் பிள்ளையும் பிழைத்தது அந்த நர்ஸம்மாவால்தான். அவரைப் போன்றவர்களும் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால்தான் தைரியமாக எழுதுகிறேன்.

எனக்கு வரம் வாங்கிய வாய்ப்பூட்டு, அக்காவுக்கு வெட்கத்தின் வாய்ப்பூட்டு. இருவருக்கும் தேவைப்பட்டது தனியாக ஒரு நாற்காலி, கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம். 'பிரிஷியஸ் பேபி' என்ற வரியை எழுதாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். முந்தைய கருச்சிதைவு, சிகிச்சை விவரம் என்று நடந்ததை எழுதுங்கள், உங்களுக்கு வேண்டிய தகவல் அதில் முழுதாக இருக்கும். ஆபத்தின் அளவைச் சொல்லும்போது மறுபாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊசி போட்டு அனுப்பினால், முடிவு வரும்வரைக்கும் கூப்பிட ஓர் எண் கொடுத்து அனுப்புங்கள்.

எழும்பூர் மருத்துவமனையில் அரசே கருத்தரிப்பு மையம் அமைத்திருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். நகையை அடகு வைக்க வழியில்லாத பெண்களும் இனி தாயாவார்கள். அவர்களில் பலர் 35-ஐத் தாண்டியவர்களாக இருப்பார்கள். கரு தங்கிய மறுநாளிலிருந்து அவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதையும் அந்தத் திட்டத்துக்குள்ளேயே யோசித்துவிடுங்கள்.

ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. 9-ஆம் தேதி சனிக்கிழமையில் வந்தாலும், கோடை விடுமுறையில் வந்தாலும், எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து அந்த பெஞ்சில் உட்கார நான் தயார். மாத்திரை பற்றிப் பேசமாட்டேன், அது உங்கள் வேலை. வயது கூடிய கர்ப்பிணி யாராவது கோப்பை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தால் அவர் பக்கத்தில் உட்காருவேன். அனுமதி யாரிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு கணக்கு ஆசிரியை